சகுந்தலா டீச்சரின் விண்ணப்பம்

1

பழிவாங்குவதற்கு இவ்வளவு படிவங்கள் தேவைப்படும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த நாட்டுக்கு இன்னும் சீக்கிரமே வந்து சேர்ந்திருப்பேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்காக முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மெல்பர்னின் மேற்குப் பக்கம், புது வீடுகள் வரிசையாக முளைத்துக்கொண்டே இருக்கும் ஒரு பகுதியில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். வாரநாட்களில் ஓர் ஆரம்பப் பள்ளியில் உதவி ஆசிரியை. சனிக்கிழமை காலையில் வேறொரு பள்ளிக்கூடத்தின் நான்கு அறைகளை வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் பள்ளி நடத்துகிறோம். உள்ளே நுழைந்ததும் நாற்காலி, மேசையெல்லாம் எப்படிக் கிடக்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கிளம்பும்போது அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து அதே இடத்தில் வைக்க வேண்டும். ஒருமுறை ஒரேயொரு நாற்காலி இடம் மாறிப்போனதற்கு மூன்று மின்னஞ்சல்கள் வந்தன.

பிள்ளைகள் தமிழ் படிக்க வருகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா அம்மா காரில் ஏற்றிவிடுவதால் வருகிறார்கள். என் மகள் ஹனாவுக்குப் பத்து வயது. 'உம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் ஐந்து வயதில் 'மம்' ஆக்கினாள். இப்போது பக்கத்தில் தோழிகள் இருந்தால் அதுவும் கிடையாது, தோளைத் தட்டுவாள். இரண்டு வருடம் முன்பு பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "புள்ளைங்களுக்குத் தமிழ் வராட்டி போவுதுங்க, கொஞ்சம் நல்லது கெட்டதாவது சொல்லிக்கொடுங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அன்றிலிருந்து நன்னெறி வகுப்பு என்று ஒன்று தொடங்கி அதை என் தலையில் கட்டினார்கள். கூடவே, யாரும் ஏற்றுக்கொள்ளாத இன்னொரு வேலையையும் கட்டினார்கள். புதிதாகச் சேர விரும்பும் தன்னார்வ ஆசிரியர்களின் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது.

இந்த வருடம் நன்னெறி வகுப்பில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். இன்னோர் ஆசிரியர் தேவை என்று அறிவிப்புப் போட்டோம். வந்தது ஒரே ஒரு விண்ணப்பம். அதன் மூலையில் ஒட்டியிருந்த புகைப்படத்தில் முடி வெள்ளையாகியிருந்தது. புருவம் மட்டும் அப்படியே இருந்தது, அடுத்தவரை எப்போதும் ஒரு படி கீழே வைத்துப் பார்க்கும் அந்தப் புருவம். முன் அனுபவம் என்ற இடத்தில், நாகூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் சிற்றூரின் பெயர் எழுதியிருந்தது. முப்பத்தொரு வருடம் ஆரம்ப வகுப்பு ஆசிரியை. சிறப்புப் பாடம், நீதிபோதனை.

கை ஜில்லிட்டது, நெஞ்சு படபடத்தது என்றெல்லாம் எழுத மாட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

2

டீச்சருக்கு என்னைத் தெரிய வாய்ப்பில்லை. அவருடைய வருகைப் பதிவேட்டில் நான் எம். நூருன்னிசா. இங்கே வரும்போது குடும்பப் பெயர் எங்கே என்று விசாக்காரர்கள் கேட்க, என் கணவர் ஜமாலின் பெயரைக் கொண்டுவந்து ஒட்டி, முன்பாதியை வெட்டி, நிஸா ஜமால் ஆகிவிட்டேன். பெயரை வெட்டியதில் அன்றைக்கு எனக்கு வருத்தம். இப்போது அது வசதியாக இருந்தது.

முதல் தடவை புகைப்படத்துக்காக விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினேன். பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், டீச்சரின் தலைக்குப் பின்னால் மகன் வீட்டுத் திரைச்சீலை பூப்பூவாகத் தெரிந்தது. இரண்டாம் தடவை முகவரிச் சான்றுக்காக. மின்சார பில் மகன் பெயரில் இருந்தது, அது செல்லாது. மகன் வீட்டில் வந்து தங்கியிருக்கும் ஓர் அம்மாவுக்கு இந்த நாட்டில் தன் பெயரில் ஒரு துண்டுத் தாள் கிடைப்பது எவ்வளவு பாடு என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் கேட்டேன். மூன்று வாரம் கழித்து மருத்துவமனைக் கடிதம் ஒன்றைத் தேடிப்பிடித்து அனுப்பினார். மூன்றாம் தடவை, நீல மையில் எழுதியிருக்கிறீர்கள், கறுப்பு மைதான் ஏற்றுக்கொள்ளப்படும் என்று எழுதினேன். இதில் முதல் இரண்டும் எங்கள் பள்ளியின் உண்மையான விதிகள். கறுப்பு மை விதியை நான் அன்றைக்குக் காலையில் காபி குடிக்கும்போது உண்டாக்கினேன்.

ஒவ்வொரு தடவையும் டீச்சர் பதில் எழுதினார். "மதிப்புக்குரிய நிஸா மேடம், சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்கவும்." அந்த 'மேடம்' என்ற சொல்லை நான் இரண்டு மூன்று முறை வாசித்தேன். என் கணவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "வயசான அம்மாவ ஏன் இப்படி இழுத்தடிக்கிற?" என்று கேட்டார். விதி அப்படி என்றேன். இந்த ஊரில் அந்தப் பதிலுக்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவரும் கேட்கவில்லை.

3

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் இரண்டு விஷயங்கள் சேர்ந்தாற்போல் பெருகின. ஒன்று, வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன ஆண்கள், அதாவது எங்கள் பேச்சில் சபுராளிகள். இன்னொன்று, அவர்களுடைய பிள்ளைகளுக்கான இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடங்கள். எங்கள் பள்ளிக்கூடம் அரிசி ஆலைக்குப் பின்னால் இருந்தது. ஒரு பக்கம் வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் வயல். நடவு சமயத்தில் தவளைச் சத்தத்தில் வாய்ப்பாடு காதில் விழாது. ஆனால் டை இருந்தது, பெல்ட் இருந்தது, வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் நீதிபோதனை இருந்தது.

அதை எடுத்தவர்தான் எங்கள் மூன்றாம் வகுப்பு சகுந்தலா டீச்சர். திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு காலத்தில் நிலபுலத்தோடு வாழ்ந்த குடும்பம் என்று சொல்வார்கள். நிலம் போனாலும் உத்தரவு போடும் குரல் போகவில்லை. அவர்தான் நற்செயல் நோட்டு என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். தினம் ஒரு நல்ல காரியம் செய்து நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். கீழே அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அம்மா கையெழுத்து செல்லாது. வகுப்பில் பாதிப் பேருடைய அப்பாக்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் புருனேயிலும் இருந்தார்கள். இருந்தும் ஏன் செல்லாது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

தினம் ஒரு நல்ல காரியத்துக்கு எட்டு வயதுப் பிள்ளை எங்கே போகும்? கண் தெரியாதவரைச் சாலையைக் கடக்க வைத்தேன் என்று எல்லோரும் எழுதினோம். எங்கள் ஊரில் கண் தெரியாதவர் ஒரே ஒருவர்தான். அவர் கடைவாசலில் உட்கார்ந்து பீடி சுற்றுவார், சாலையின் அந்தப் பக்கத்துக்கு அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. நோட்டுகளின்படி அவர் ஒரு நாளைக்கு நாற்பது முறை கடந்தார். டீச்சர் எல்லாவற்றுக்கும் 'வெரி குட்' போட்டார்.

என் வாப்பா சவூதியில், தம்மாமில் கம்பி கட்டும் வேலையில் இருந்தார். வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லை, வாப்பாவின் தம்பி, என் சாச்சா, அவரும் சபுரில். மற்றவர்களுக்கு மாமாவோ பெரியவாப்பாவோ போட்டுக்கொடுத்தார்கள். எனக்கு யார் போடுவது? உம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மருதாணி வைப்பதில் அவள் கையை மிஞ்ச ஆள் இல்லை, எந்தக் கொடியை ஒருமுறை பார்த்தாலும் அப்படியே இறக்கிவிடுவாள். வாப்பாவின் கடிதத்தை எடுத்து, கடைசியில் இருந்த கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகினாள். நான்கு நாளில் வந்துவிட்டது. தினம் மாலையில் அரிசி களைந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, வாப்பாவின் பெயரை வரைவாள். அதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. புருஷன் பெயரை வீட்டுக்காரி போடாமல் வேறு யார் போடுவது?

மூன்று மாதம் ஓடியது. எனக்குப் பொய் எழுதி அலுத்துவிட்டது. ஒருநாள் உண்மையாகவே நான் செய்ததை எழுதினேன். 'வாப்பா அனுப்பிய கடிதத்தை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.' கீழே உம்மா வழக்கம்போல் வாப்பாவின் கையெழுத்தைப் போட்டுக்கொடுத்தாள். அந்த நோட்டு முழுக்க நான் எழுதிய ஒரே உண்மை அதுதான். மாட்டிக்கொண்டதும் அதனால்தான்.

4

டீச்சர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க அப்பா எங்க இருக்காரு?"

"சபுர்ல டீச்சர்."

"அப்ப இது யாரு போட்டது?"

நான் பெல்ட்டின் கொக்கியைத் திருகிக்கொண்டு நின்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு வரச் சொன்னார்.

உம்மா அதுவரை அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, தெருவை ஒட்டியே நடந்து வந்தாள். பிள்ளை நன்றாகப் படிப்பதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். நான் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை. வாசலோடு பேசி அனுப்பியிருக்கலாம். டீச்சர் உள்ளே கூப்பிட்டார். அன்றைய பாடம் கரும்பலகையில் பெரிதாக எழுதியிருந்தது, நேர்மை.

"இந்தக் கையெழுத்து நீங்க போட்டதா?"

"ஆமாங்க டீச்சர். அவங்க பேருதாங்க போட்டேன், வேற யாரு பேரையும் போடலைங்க."

டீச்சர் சிரித்தார். சாக்பீஸை நீட்டினார். "எங்கே, இங்க ஒருதடவை போடுங்க, பாப்போம்."

உம்மாவுக்குத் தாளில் விரலளவுக்குப் போட்டுத்தான் பழக்கம். அவ்வளவு பெரிய பலகையில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஒரு வளைவு போட்டாள். இன்னொரு கோடு இழுத்தாள். சாக்பீஸ் ஒடிந்து விழுந்தது. குனிந்து எடுக்கும்போது துப்பட்டி தலையிலிருந்து நழுவியது. பிள்ளைகள் சிரித்தார்கள். பின் பெஞ்சில் என் சொந்தச் சாச்சா மகனும் சிரித்தான்.

"பாத்தீங்களா பசங்களா? பொய் இப்படித்தான் மாட்டிக்கும்" என்று டீச்சர் எங்களிடம் சொன்னார். பிறகு உம்மாவின் பக்கம் திரும்பி, "புள்ளைங்களுக்கு நீங்கதானே முன்னுதாரணம்? செஞ்சது தப்புன்னு அதுங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

உம்மா எங்களைப் பார்த்துத் திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து, "தப்புங்க" என்றாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'ங்க' போட்டுச் சொன்னாள். டீச்சர் என்னை எழுந்து வந்து பலகையை அழிக்கச் சொன்னார். என் வாப்பாவின் பாதிப் பெயரை நான்தான் அழித்தேன்.

வாப்பாவிடம் இதைச் சொல்லக் கூடாது என்று உம்மா வழியிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டாள். வாப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது, கடைசிவரை அவருக்குத் தெரியாது. ஆனால் எனக்கு வலிப்பது இது எதுவும் இல்லை. அதற்கு முன்பு கடிதம் வந்தால் உம்மா அடுப்பை அணைத்துவிட்டு என் முன்னால் வந்து உட்காருவாள். நான் படிப்பேன். "இன்னொருதடவை அந்த எடத்தைப் படி" என்பாள். எட்டு வயதில் எனக்கு அதைவிடப் பெரிய பதவி ஏது? அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு கடிதத்தைக்கூட அவள் என்னிடம் கொடுத்ததில்லை. எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வருவாள். பிறகு வாப்பாவைக் கேசட்டில் பேசி அனுப்பச் சொல்லிவிட்டாள். சகுந்தலா டீச்சர் என்னிடமிருந்து பறித்தது அதைத்தான். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

5

மூன்று தடவை திருப்பி அனுப்பியும் டீச்சர் சளைக்கவில்லை. வேறு வழியில்லாமல், ஒரு சனிக்கிழமை வந்து என் வகுப்பைப் பார்க்கச் சொன்னேன். மகன் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் மகனுடைய விளையாட்டுச் சப்பாத்து. "வணக்கம் மேடம்" என்று கும்பிட்டார். வகுப்பின் பின்னால், ஆறு வயதுப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியைக் காட்டினேன். பெரிய நாற்காலி பக்கத்து அறையில் இருந்தது. எடுத்து வரவில்லை.

அன்றைக்கு நான் ஒரு பாடம் தயாரித்து வைத்திருந்தேன், ஆனால் அதற்கு வேலையில்லாமல் போனது. சஞ்சய் என்ற ஆறு வயது வாண்டு, மித்ரா வரைந்த படத்தில் மீசை போட்டுவிட்டான். அவள் ஓவென்று அழுதாள். அவன் 'சாரி' என்று ஒரு வார்த்தையை வீசிவிட்டு ஓடப் பார்த்தான்.

என் வகுப்பில் வெறும் சாரி செல்லாது. எதற்கு என்று சொல்ல வேண்டும். வாரநாள் பள்ளிக்கூடத்தில் இங்கே கற்றுக்கொண்டது அது, நான் கொஞ்சம் கடுமையாக்கி வைத்திருக்கிறேன்.

"எதுக்கு சாரி?"

"அவ அழுவுறதுக்கு."

"அழுவுறது அவ. நீ என்ன பண்ணினே?"

ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழிலும் வரவில்லை, இங்கிலீஷிலும் வரவில்லை. கடைசியில், "நான் மித்ரா படத்துல மீசை போட்டேன். அது அவ அம்மா. நான் கேக்காம போட்டேன்" என்றான். பிறகு மித்ராவைப் பார்த்தேன். சரி என்று சொல்லலாம், இன்னும் இல்லை என்றும் சொல்லலாம், அது அவள் உரிமை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு "இன்னும் இல்ல" என்றாள். சஞ்சய் போய் உட்கார்ந்தான். வகுப்பு நடந்தது.

பிள்ளைகள் போனபிறகு நாற்காலிகளைப் படத்தில் இருந்தபடி அடுக்கிக்கொண்டிருந்தேன். டீச்சரும் கூட வந்து அடுக்கினார்.

"ரொம்ப நல்லாருந்துச்சு மேடம். எங்க காலத்துல இப்படியெல்லாம் யோசிச்சதே இல்ல. ரெண்டு போட்டு உக்கார வெப்போம், அவ்வளவுதான்."

"நான் உங்ககிட்ட படிச்சவ டீச்சர். மூணாங்கிளாஸ்."

இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ வருடம் மனத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதைக் கேட்டு அவர் முகம் வெளிறும் என்று வைத்திருந்தேன். டீச்சரோ பூரித்துப் போனார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அடடே! என் கையால படிச்ச புள்ளையா நீ? எந்த பேட்ச்? பாத்தியா, எங்க வந்து எப்படி உக்காந்திருக்கே!" என் முழுப் பெயரைச் சொன்னேன். "நூருன்னிசா... நூரு! ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு வருவே!" ரெட்டைச் சடை போடாத பெண் அந்த வகுப்பில் யாரும் இல்லை.

"எங்க உம்மாவ ஞாபகம் இருக்கா டீச்சர்?"

"உம்மாவா? எத்தனையோ பேரு வந்து போவாங்களேம்மா." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைகளை மெல்ல விட்டார். "ஏன், நான் ஏதும் சொல்லிட்டேனா? அப்படி ஏதாவது தப்பா நடந்திருந்தா மன்னிச்சுடும்மா."

"என்கிட்ட கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன்.

ஊரில் அப்போது காலை எட்டு மணி. உம்மா இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். வீடியோவில் முதலில் கூரைதான் தெரிந்தது, பிறகு அவள் பாதி முகம். யாரென்று சொன்னேன். கையைக் கழுவிவிட்டு வந்தாள், தலையில் முக்காட்டைச் சரியாக இழுத்துவிட்டாள், போனை எதன்மீதோ சாய்த்து நிறுத்தி நேராக உட்கார்ந்தாள். உம்மா இளகிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் மற்றவர்களுக்கு அப்படித்தான். பயமாகக்கூட இருந்தது, இத்தனை வருடம் நான் காத்ததை ஒரு நிமிடத்தில் கொட்டிக் கவிழ்த்துவிடுவாளோ என்று.

"நல்லாருக்கீங்களா டீச்சர்?"

"நல்லாருக்கேன்மா. உங்க பொண்ணு மனசுல ஏதோ இருக்கு. நான் ஏதாவது தெரியாம செஞ்சிருந்தா நீங்க பெரிய மனசு பண்ணி மன்னிச்சுடணும்."

"எது டீச்சர்?"

"அதாம்மா, எதுவா இருந்தாலும்."

"எதுவா இருந்தாலும்னா எப்படிங்க? நீங்க ஞாபகம் வெச்சிருக்காததை நான் எப்படி மன்னிக்கிறது? ஞாபகம் வந்ததும் போன் போடுங்க டீச்சர். நான் வீட்லதான் இருப்பேன்."

திரை இருண்டது. என் அறுபது கடந்த உம்மா, யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத உம்மா, போனை வைத்துவிட்டாள். நன்னெறி வகுப்பில் நான் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுப்பதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

டீச்சர் என்னைப் பார்த்தார். "என்னம்மா நடந்துச்சு? நீயாவது சொல்லேன்."

"நீங்களே யோசிச்சுப் பாருங்க டீச்சர்" என்றேன். எங்களிடம் அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம்தான்.

6

விண்ணப்பத்தில் முடிவு என்ற கட்டத்தில் 'நிலுவையில்' என்று எழுதி வைத்தேன். கறுப்பு மையில்.

அடுத்த புதன்கிழமை டீச்சர் போன் செய்தார். குரல் உற்சாகமாக இருந்தது. "நூரு, ஞாபகம் வந்துடுச்சும்மா. வகுப்புலயே ஒரு புள்ள ஈரம் பண்ணிடுச்சு. எல்லார் முன்னாடியும் பாவாடையைக் காட்டச் சொல்லி நிக்க வெச்சேன். அது நீதானே?"

"இல்ல டீச்சர்."

தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். "அப்ப அது வேற யாரோ" என்று முனகிவிட்டு வைத்துவிட்டார்.

அதற்கடுத்த வாரம் இன்னொன்று வந்தது. மீன் வாடை அடிக்கிறது என்று ஒரு பையனை வருடம் முழுக்க வாசற்படி ஓரம் தனியாக உட்கார வைத்திருக்கிறார். அதுவும் நாங்கள் இல்லை. பிறகு, வீட்டுப்பாடம் எழுதாத ஒருவனுடைய நோட்டை ஜன்னல் வழியாக வாய்க்காலில் வீசியது. அவன் இறங்கித் தேடும்போது வகுப்பையே ஜன்னலில் நின்று பார்க்க வைத்தது. "அதுவும் இல்லியாம்மா?" என்று கேட்டபோது குரலில் உற்சாகம் கொஞ்சமும் இல்லை. ஒரு கிணற்றில் விழுந்த குடத்தைத் தேடிப் பாதாளக் கரண்டி போட்டவருக்கு ஊர்க் குடமெல்லாம் மாட்டிக்கொண்டு வருவதுபோல் ஆகிவிட்டது.

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. எனக்கு இனித்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது? ஹனாகூட ஒருநாள் கேட்டாள். "மம், கிளாஸ்ல நீங்க க்ளூ குடுப்பீங்கல்ல? அவங்களுக்கும் ஒண்ணு குடுங்களேன்." அது ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் என் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

டீச்சரின் மகன் ஒரு மாலை கூப்பிட்டான். மரியாதையான பிள்ளை. "மேடம், அம்மா ரெண்டு வாரமா சரியா சாப்பிடல. எப்பப் பாத்தாலும் எதையோ யோசிச்சுக்கிட்டே உக்காந்திருக்காங்க. என்ன விஷயம்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா, அம்மா ஒரு சாரி சொல்லிட்டு முடிச்சுடுவாங்க."

"அதனாலதான் தம்பி சொல்லல" என்றேன்.

புதன்கிழமை டீச்சர் சொன்னதை வியாழக்கிழமை உம்மாவிடம் ஒப்பிப்பது என் வேலை. உம்மா குறுக்கே பேசாமல் கேட்பாள். முதல் வாரம் கேட்டு முடித்துவிட்டு, "டீச்சரம்மா நம்பரை எனக்கு அனுப்பு" என்றாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. பேசத் தோன்றும்போது பேசட்டும் என்று அனுப்பிவிட்டேன். போன வியாழக்கிழமைதான் விஷயம் வெளியே வந்தது.

"அந்தப் பாவாடைக்காரப் புள்ள இருக்கே, அது நம்ம பின்தெரு ஜெய்புன்னிசா. தையல் கடை வெச்சிருக்கு. போய்ச் சொல்லிட்டு வந்தேன்."

"என்ன உம்மா சொன்னே?"

"டீச்சர் உன்ன மறக்கல புள்ளன்னு சொன்னேன். மெஷினை நிறுத்திட்டு அழுதுச்சு. அப்புறம் நம்பரைக் கேட்டுச்சு. குடுத்தேன்."

"உம்மா!"

"மீன் பையன் கப்பல்ல இருக்கான். அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லிருக்கேன், கரைக்கு வந்ததும் பேசுவான். நோட்டைத் தூக்கிப் போட்டாங்களே, அந்தப் பையன் திருவாரூர்ல வாத்தியாரா இருக்கானாம். அவனுக்கும் ஆளு விட்டிருக்கேன்."

மூட்டுவலி என்று மாடிப்படி ஏறாத உம்மா, ஒரு மாதமாக ஊரை வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். நான் கறுப்பு மையையும் குட்டி நாற்காலியையும் வைத்துக்கொண்டு பழிவாங்குகிறேன் என்று திரிந்திருக்கிறேன்.

இந்தப் புதன்கிழமை டீச்சர் பேசியபோது அவர் குரலை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"நூரு, ஊர்லேருந்து போன் வருதும்மா. அந்தப் புள்ள அரை மணி நேரம் பேசுச்சு. நான் என்ன செஞ்சேன்னு ஒண்ணு விடாம என் வாயாலயே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னு வெச்சிடுச்சு. அந்த வாத்தியார் பையனும் அப்படியேதான் சொன்னான்." மூச்சு வாங்கினார். "உங்க உம்மாவுக்கு நான் என்ன பண்ணினேன்னு மட்டும் வரவே மாட்டேங்குதேம்மா."

கரும்பலகை என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். ஆனால் அன்றைக்கு அது முன்போல் இனிக்கவில்லை. வியாழக்கிழமைவரை காத்திருக்காமல் உடனே உம்மாவைக் கூப்பிட்டேன்.

"உம்மா, அவங்களுக்கு எழுபது வயசு. சாப்பாடு இறங்கலையாம். போதும், நான் சொல்லிடவா?"

உம்மா இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டிருந்தாள். எங்கேயோ கிளம்பிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"சொல்லாதே. தானா வரும். என்ன அவசரம்? ஊர்ல இன்னும் ஆளு இருக்கு."